தோளே சான்றாகுமா?

உடற்பயிற்சிக் கூடமொன்றில் ஆசிரியையாகப் பணியாற்றும் பெண் ஒருத்தி, புதிதாகப் பயில வந்திருக்கும் இன்னொரு பெண்ணை முதன்முறையாகச் சந்திக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். பல்லாண்டுகள் இரும்பைத் தூக்கி உருவாக்கிய தோள்களும் புயங்களும் முதுகும் அவளுக்கு உண்டு. அறைக்குள் நுழையுமுன் அவள் ஒரு சிறு முடிவைச் செய்தாக வேண்டும். கையில்லாச் சட்டையோடு செல்வதா, மேலே முழுக்கைச் சட்டையொன்றை அணிந்துகொண்டு செல்வதா? பிறர்க்கு இஃது உடை பற்றிய அற்பச் செய்தி. அவளுக்கோ நாள்தோறும் எழும் அறவினா. தோள் தெரியச் சென்றால், அவள் வாய் திறக்குமுன்னரே அவளுடைய உடல் பேசிவிடும். அது என்ன பேசும் என்பது அவள் ஆட்சியில் இல்லை. "இவள் தன் தொழிலை அறிந்தவள்" என்று ஒருத்திக்குச் சொல்லும் அதே தோள், "இங்கே சேர்ந்தால் நீயும் இப்படி ஆகிவிடுவாய்" என்று மற்றொருத்தியை வெருட்டும். மூடிக்கொண்டு சென்றாலோ, தான் அடைந்ததையே மறைத்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியை ஆகிறாள்.

இலக்கண ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழையும்போது, அவர் இலக்கணம் கற்றவரா இல்லையா என்பதை அவருடைய முகம் சொல்வதில்லை. கணக்காசிரியரின் கணக்கறிவு அவருடைய கைகளில் புடைத்துத் தெரிவதில்லை. பாடம் நடந்த பின்னரே மாணவர் எடைபோடுகின்றனர். உடற்பயிற்சி ஆசிரியையின் நிலை வேறு. கல்விச் சான்றிதழ் சுவரில் தொங்க, அதனை எவரும் படிப்பதில்லை, அவளைத்தான் படிக்கின்றனர். உடல் அங்கே விண்ணப்பமாகவும் விளம்பரமாகவும் தேர்வுத் தாளாகவும் ஒருங்கே அமைந்துவிடுகிறது.

உடல் உண்மையிலேயே அறிவுக்குச் சான்றாகுமா என்பது பழைய வினா. கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் மூன்றாம் பகுதியில் மருத்துவரைப் பற்றிக் கூறுமிடத்து வியப்பான கருத்தொன்றை முன்வைக்கிறார். நோய்கள் பலவற்றைத் தாமே பட்டறிந்தவரும் இயல்பிலேயே அத்துணை நலமில்லாதவரும் சிறந்த மருத்துவராகக்கூடும் என்கிறார். மருத்துவர் பிறருடைய உடலைத் தம் உடலால் குணப்படுத்துவதில்லை, தம் உள்ளத்தால் குணப்படுத்துகிறார் என்பது அவர் காட்டும் காரணம். இந்த வாதத்தைப் பயிற்சி ஆசிரியைக்கும் பொருத்தினால், அவளுடைய புயத்தின் சுற்றளவு அவளுடைய கற்பிக்கும் திறனைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றாகும். மெலிந்த தோளுடையவர் சிறந்த பயிற்றுநராக இருப்பதும், மலைபோன்ற தோளுடையவர் பிறர் முழங்காலைக் கெடுப்பதும் எங்கும் காணக்கூடியவையே.

ஆயினும் பிளேட்டோவின் ஒப்புமை இங்கே முழுதும் பொருந்தாது. மருத்துவர் தாம் எழுதித்தரும் மருந்தைத் தாம் உட்கொண்டிருக்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. பயிற்சி ஆசிரியையோ தான் பிறர்க்குச் சொல்லும் அதே பாதையில் நடந்தவள். அதிகாலையில் எழ மனமில்லாத நாள்களையும், எடை கூடாமல் நின்றுபோன மாதங்களையும் அவளுடைய உடல் அறியும். ஆதலின் அந்தத் தோள் ஒன்றைச் சான்றுரைக்கத்தான் செய்கிறது: பாதை ஒன்று உண்டு, அதில் ஒருத்தி நடந்திருக்கிறாள் என்பதை. இன்னொருத்தியை அழைத்துச் செல்லத் தெரியுமா என்பது தோளில் எழுதப்படவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளுமாறு பார்ப்பவரை விட்டுவிடுவதே முதல் தவறு. அத்தவற்றை ஆசிரியை செய்வதில்லை, செய்யவிடுகிறாள். அறநூல்கள் பொய் கூறுதலைப் பற்றிப் பேசிய அளவுக்கு, பிறர் பொய்யாக எண்ணிக்கொள்வதைக் கண்டும் வாளாவிருத்தலைப் பற்றிப் பேசவில்லை.

இந்தச் சிக்கலை வரலாற்றில் முதன்முதலாக முழு அளவில் எதிர்கொண்டவர்களுள் ஏபி ஸ்டாக்டன் என்னும் அமெரிக்கப் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். 1917இல் பிறந்தவர். குழந்தையாய் இருந்தபோது பருமனாக இருந்தமையால் வீட்டார் வைத்த 'பட்ஜி' என்னும் செல்லப்பெயர், அவர் உடல் முற்றிலும் மாறிய பின்னரும் அவரை விட்டு நீங்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்தே பார்க்கும் வேலையில் சேர்ந்தார், எடை ஏறிற்று, அதனைக் குறைக்க டம்பெல்களைக் கையிலெடுத்தார். கலிபோர்னியாவில் சாந்தா மோனிக்கா நகரில் 'தசைக் கடற்கரை' என்று பெயர்பெற்ற மணற்பரப்பில், ஆடவரைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்து நின்ற அவரைக் காண மக்கள் திரண்டனர். 1944 முதல் 'ஸ்ட்ரெங்த் அண்ட் ஹெல்த்' என்னும் இதழில் பெண்களுக்கென்றே ஒரு பகுதியை எழுதிவந்தார். 1947இல் பெண்களுக்கான எடைதூக்கும் போட்டியொன்றை முறைப்படி நடத்தத் துணைநின்று, தாமே 135 பவுண்டு எடையைத் தலைக்குமேல் உயர்த்தினார். அது அவருடைய உடல் எடையினும் மிகுதி. அடுத்த ஆண்டு, 1948இல், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சன்செட் பெருஞ்சாலையில் பெண்களுக்கான பயிற்சிக் கூடத்தைத் திறந்தார்.

அந்தக் கூடத்துக்கு அவர் இட்ட பெயர் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வலிமை என்ற சொல் அதில் இல்லை. எடை என்ற சொல் இல்லை. தசை என்ற சொல்லும் இல்லை. உருவத்தைச் செம்மைப்படுத்தும் 'சலூன்' என்பதே அப்பெயரின் பொருள். எடை தூக்கினால் பெண்ணுடல் ஆணுடல் போலாகிவிடும், மகப்பேற்றுக்கும் ஊறு நேரும் என்று பலர் நம்பிய காலம் அது. அந்த அச்சத்தை ஆயிரம் கட்டுரைகள் எழுதி நீக்குவதைவிட, கடற்கரையில் ஒருமுறை நின்று காட்டுதல் எளிது என்பதை அவர் அறிந்திருந்தார். "இதோ, நான் தூக்குகிறேன், ஆயினும் என் உருவம் உங்கள் கண்ணுக்கு உவப்பாகவே இருக்கிறது" என்பது அவருடைய உடல் கூறிய மறுப்புரை. அம்மறுப்புரை வென்றது. எண்ணற்ற பெண்கள் அதனால் பயனுற்றனர். அவரைக் குறைகூறுவது நன்றியற்ற செயலாகும்.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. அதனை அவர் கொடுக்கவில்லை, பின்வந்தவர் கொடுத்தனர். "கண்ணுக்கு உவப்பாக இருக்கிறேன், ஆகவே குற்றமற்றவள்" என்று ஒருவர் வாதிடும்போது, கண்ணுக்கு உவப்பாக இருத்தல் பெண்ணுடலின் கடமை என்னும் சட்டத்தை அவர் ஏற்றுக்கொள்கிறார். வழக்கில் அவர் வென்றார்; சட்டம் நிலைபெற்றது. உவப்பாக இல்லாத உடலோடு அடுத்து வருபவள் அதே சட்டத்தால் தோற்கடிக்கப்படுவாள்.

அப்படி வந்தவர் ஆஸ்திரேலியாவின் ஜீலோங் நகரில் 1955இல் பிறந்த பெவ் பிரான்சிஸ். உடற்கல்வி பயின்றவர், குண்டெறிதலில் தொடங்கி வலுத்தூக்கலில் ஆறுமுறை உலகப் பட்டம் பெற்றவர். 1983இல் லாஸ் வேகஸ் நகரில் நடந்த பெண்கள் உடற்கட்டுப் போட்டியில் அவர் மேடையேறியபோது, அங்கிருந்த எவரிடமும் அத்தகைய தசை இல்லை. அப்போட்டி 1985இல் திரைக்கு வந்த ஓர் ஆவணப் படத்தில் பதிவாகியுள்ளது. தசையை மதிப்பிடக் கூடியிருந்த நடுவர்கள், பெண்மை என்றால் என்ன என்று தமக்குள் வாதிட்டதை அதில் காணலாம். தசைப் போட்டியில் தசை மிகுந்தவருக்கு எட்டாம் இடம் கிடைத்தது. பின்னர் அவர் தம் தசையைக் குறைத்துக்கொண்டு வந்து 1987இல் உலகப் பட்டம் வென்றார். 1991இல் மீண்டும் முழு வலிமையோடு வந்து, திருமதி ஒலிம்பியா எனப்படும் போட்டியில் இரண்டாமிடம் பெற்று விலகினார். இதற்கிடையில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் தம் கணவரோடு சேர்ந்து பயிற்சிக் கூடமொன்றை நிறுவியிருந்தார். எட்டாமிடம் பெற்ற அதே உடல் அக்கூடத்தின் பெயர்ப்பலகைக்குப் பெருமையாயிற்று.

நடுவர்களின் தடுமாற்றம் அத்தோடு முடியவில்லை. 2004ஆம் ஆண்டின் இறுதியில் அனைத்துலக உடற்கட்டுக் கூட்டமைப்பு, தொழில்முறைப் பெண் போட்டியாளர்கள் தங்கள் தசைத்தன்மையை 20 விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டுமென்று அறிவுறுத்திற்று. எந்தத் தராசில் நிறுத்து அந்த இருபதைக் கழிப்பது என்பது அறிவிப்பில் இல்லை. அரிசி வணிகரும் இத்தகைய கணக்கை ஒப்பமாட்டார்.

ஆடவர்க்கு இத்தொல்லை நேர்ந்ததில்லை. 1897இல் லண்டனில் பயிற்சி நிலையம் திறந்த யூஜின் சாண்டோ, தம் மார்பையும் புயத்தையும் காட்டியே மாணவரை ஈர்த்தார். 1901இல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு நடுவராக அமர்ந்தோருள் துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆர்தர் கானன் டாயிலும் ஒருவர். சாண்டோவின் மாணவர் எவரும் "உங்களைப்போல் ஆகிவிடுவேனோ" என்று அஞ்சிச் சேரத் தயங்கியிரார். ஆகமாட்டோமோ என்றே அஞ்சியிருப்பர். அவர் பெயர் தமிழுக்குள்ளும் புகுந்து பட்டமாயிற்று. படமுதலாளி சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னே அது நின்றது. கையில்லாத உள்சட்டையைச் 'சாண்டோ பனியன்' என்று கடையில் கேட்டு வாங்குவோர் இன்றும் உளர். பெண்ணின் புயத்தைக் காட்டும் சட்டை எதற்கும் எந்தப் பெண்ணின் பெயரும் வாய்க்கவில்லை.

மொழியே இங்கு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. தமிழ் இலக்கியம் ஆடவன் தோளுக்கு மலையையும் குன்றையும் தேடிச் சென்றது. பெண்ணின் தோளுக்கு மூங்கிலைக் கொண்டுவந்தது. மூங்கிலின் வழவழப்பையும் திரட்சியையும் புலவர் கண்டனர். புயலில் வளைந்து மீண்டும் நிமிரும் அதன் உறுதியை அந்த உவமையில் எவரும் பெரிதாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெண்களின் தோள் உழைப்பால் இறுகியது புதுமையும் அன்று. மலையகத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வாளியைக் காண்டாக்கம்பில் சுமந்து நிரைநிரையாக நடந்த பெண்களின் தோள்கள் இரும்புக்குச் சளைத்தவை அல்ல. அவற்றைக் கண்டு எவரும் வெருளவில்லை, வியக்கவுமில்லை. சுமைக்காக வளர்ந்த தசை கண்ணில் படுவதில்லை. தனக்காக ஒருத்தி வளர்த்துக்கொண்ட தசையே கண்ணை உறுத்துகிறது போலும்.

இனி அந்த முதல் சந்திப்புக்குத் திரும்பலாம். புதிதாய் வந்தவள் சற்றுத் தயங்கி, "எனக்கு உடல் வலிவு பெற்றால் போதும் அக்கா. ஆனால் உங்களைப்போல் ஆக வேண்டாம்," என்கிறாள். இச்சொல்லைக் கேளாத பெண் பயிற்றுநர் இருப்பது அரிது. சொல்பவள் தீய நோக்கத்தோடு சொல்வதில்லை. எதிரே நிற்பவளின் பல்லாண்டு உழைப்பை ஒரு நோயைப்போல் தான் குறிப்பிட்டுவிட்டதை அவள் உணர்வதுமில்லை. இதற்கு வழக்கமாக வரும் மறுமொழி ஒன்று உண்டு: "அஞ்ச வேண்டாம். பெண்ணுடலில் டெஸ்டோஸ்டிரோன் ஆணுடலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயின்றால் இப்படி ஆகிவிடமாட்டீர்கள்."

இம்மறுமொழி அறிவியல்படி மெய். வந்தவளின் மனமும் அமைதியடையும், அவள் சேர்ந்துவிடுவாள். ஆயினும் அதற்குள் ஒரு சிறு துரோகம் ஒளிந்திருக்கிறது. "என்னைப்போல் ஆகமாட்டாய், ஆகவே அஞ்சாதே" என்று சொல்பவள், தன்னைப்போல் ஆவது அஞ்சத்தக்கதே என்று ஒப்புக்கொள்கிறாள். ஸ்டாக்டன் தம் பலகையில் விட்டுக்கொடுத்ததை இவள் தன் வாயாலேயே விட்டுக்கொடுக்கிறாள். அன்று வலிமையின் பெயர்தான் மறைக்கப்பட்டது. இன்று வலிமை பெற்றவளே மன்னிப்புக் கோருகிறாள். வந்தவள் அன்று கற்ற முதல் பாடம் எடையைப் பற்றியதாக இராது. அவள் கொண்டுவந்த அச்சம் சரியானதே என்பதாக இருக்கும். மாறாக, "என்னைப்போல் ஆனால் என்ன?" என்று ஆசிரியை சினந்து கேட்டால் அது தன்மானத்துக்கு ஏற்ற விடைதான். ஆனால் வந்தவள் தன் உடலைப் பற்றிப் பேச வந்தாள். ஆசிரியையின் உடலைப் பற்றிய வழக்கில் அவளை நடுவராக்குவது முறையன்று.

மெய்யையும் மானத்தையும் ஒருங்கே காக்கும் விடை இயலாததன்று. "இதனை நான் விரும்பிச் செய்துகொண்டேன், இதற்கு இத்தனை ஆண்டு ஆயிற்று, தெரியாமல் வந்துவிடும் பொருள் அன்று. உமக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லும், அதிலிருந்து தொடங்குவோம்" என்ற அளவில் அது அமையும். இதில் இழிவும் இல்லை, இறுமாப்பும் இல்லை. தன் உடலைத் தன் விருப்பத்தின் விளைவாக அவள் கூறும்போது, மற்றவளுக்கும் அத்தகைய விருப்பம் ஒன்று இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறாள்.

இதற்கு எதிரான மற்றொரு வகை மாணவி உண்டு. அவளிடத்தே பொய்க்கு இடம் இன்னும் மிகுதி. அவள் ஆசிரியையைப் பார்த்து, "உங்களைப்போலவே ஆக வேண்டும், எத்தனை மாதம் ஆகும்?" என்று கேட்பவள். கூடத்தின் சுவரில் ஆசிரியையின் படமொன்று தொங்குகிறது. போட்டி மேடையில் எடுத்த படம். தசை ஒவ்வொன்றும் செதுக்கியதுபோல் தெரிகிறது. மாணவியின் கண் அதிலேயே நிலைக்கிறது. அந்தப் படம் காட்டுவது ஒரு நாளின் உடல். அதற்கு முன் பல வாரங்கள் உணவு குறைக்கப்பட்டது. உடற்கொழுப்பு மிகக் குறைந்தமையால் மாதவிலக்கு நின்றுபோவதும் இத்துறையில் அறியாததன்று. தோல்மேல் செயற்கை நிறம் பூசப்பட்டது. மேடையேறுமுன் தசை புடைக்கச் சிறு பயிற்சி செய்யப்பட்டது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தது. பார்ப்பவர் வலிமையின் உச்சமாகக் கருதும் அந்த நொடியில், படத்தில் இருப்பவள் பட்டினியால் தளர்ந்திருந்தாள். பயிற்சிக் காலத்தில் தூக்கிய எடையை அன்று அவளால் தூக்கியிருக்க இயலாமலும் இருக்கலாம்.

பிளேட்டோ 'கோர்கியாஸ்' என்னும் உரையாடலில் உடற்பயிற்சிக் கலையையும் ஒப்பனையையும் எதிரெதிராக நிறுத்துகிறார். முன்னது உடலுக்கு நலந்தருவது. பின்னது நலத்தின் போலியை வரைந்து காட்டுவது. இரண்டும் வேறுவேறு ஆள்களிடம் இருப்பதாக அவர் கருதினார். ஒரே பெண்ணின் ஒரே உடலில் இரண்டும் கலந்து, எது எங்கே முடிகிறதென்று அவளுக்கே தெரியாதவாறு நிற்கும் நிலையை அவர் காணவில்லை. படம் பொய்யன்று, அது காட்டும் தசை மெய். அந்த உடலோடு அவள் நாளும் வாழ்கிறாள் என்ற எண்ணமே பொய். ஊக்க மருந்துகளைப் பயன்படுத்தி உடலை வளர்த்தவர் அதனை மறைத்துத் தன் உடலை உழைப்பின் விளைவாக மட்டும் காட்டுவாராயின், அங்கே ஐயத்துக்கே இடமில்லை. அது கலப்படப் பொருளைத் தூயதென்று விற்பது.

கலப்படமே இல்லாதபோதும் ஒரு மெய் சொல்லப்படாமல் நிற்கிறது. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஆடவரும் பெண்டிருமாக 585 பேர் பன்னிரண்டு வாரங்கள் ஒரே வகையான புயப் பயிற்சியைச் செய்தனர். சிலருடைய தசை அளவு ஐம்பது விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. சிலருடையது சற்றும் வளரவில்லை. எடையும் ஒன்று, நாளும் ஒன்று, உடல்கள் வேறு. பல்லாண்டு உழைத்த ஆசிரியை தன் தோளை உழைப்பின் கூலியாகவே எண்ணுவது இயல்பு. ஆனால் அந்தக் கூலியில் ஒரு பங்கு பிறப்பிலேயே வந்த கொடை. அதனை மறைத்து, "முயன்றால் எவரும் ஆகலாம்" என்று சொல்லும்போது, ஆகாதவள் தன்னைச் சோம்பேறி என்று கருதிக்கொள்கிறாள். ஊக்கமளிக்கும் சொல் இவ்வாறு ஒருத்தியின் முதுகில் சாட்டையாக விழுகிறது. இதனை அறிந்தும் சொல்லாமலிருப்பதற்கு வணிகம் நூறு காரணம் காட்டும்.

நன்னூல் ஆசிரியர் ஆகாதவர்க்குக் காட்டும் உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. கருக்குமட்டை சூழ்ந்த பனையில் எவரும் ஏற இயலாது. தானே விழும் பழத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டார் வியக்க நின்று, அணுகவிடாத உடலும் அத்தகையதே. நாள் முழுதும் ஆடிமுன் தன் புயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பயிற்றுநர் ஆணாயினும் பெண்ணாயினும் கற்பிப்பது சிறிது.

ஆனால் அதே உடலுக்கு மற்றொரு பயன் உண்டு. முதுகுத் தசையை இயக்கி எடையை இழுக்கக் கற்பிப்பது கடினம். புதியவர் கையாலேயே இழுப்பர். முதுகு எங்கே இயங்குகிறதென்று அவர்களுக்குத் தெரியாது, கண்ணுக்கும் எட்டாது. அப்போது ஆசிரியை தன் மேற்சட்டையைக் கழற்றி, முதுகைத் திருப்பி, "இங்கே விரலை வை" என்கிறாள். எடையை மெல்ல இழுக்கிறாள். தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வதும், அதன்கீழே தசை கயிறுபோல் இறுகுவதும் மாணவியின் விரலுக்குத் தெரிகிறது. மெலிந்த முதுகில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. அந்த நேரத்தில் இருவருள் எவருக்கும் அம்முதுகு அழகா அழகின்மையா என்ற எண்ணமே எழுவதில்லை. கரும்பலகையின் கருமையை எந்த மாணவர் எடைபோட்டார்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், வளர்ந்தோர் அனைவரும் வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டுமென்று கூறியுள்ளது. அறுபது வயதில் படியேற இயலாமல் நிற்கும் பெண்ணுக்கும் அது பொருந்தும். அத்தகையவள் ஒருத்தி கூடத்துக்கு வரும் நாளில், ஆசிரியை முழுக்கைச் சட்டை அணிந்து எதிரே அமரலாம். அதில் மறைப்பு ஏதுமில்லை, வந்தவளின் அச்சம் தணியும்வரை காத்திருக்கும் பொறுமைதான் உண்டு. முதல் பாடம் முடிந்து வியர்க்கத் தொடங்கியதும் சட்டையைக் கழற்றலாம். அதில் காட்சியும் இல்லை. சுவரிலுள்ள படத்தை எடுத்துவிட வேண்டுமென்பதும் இல்லை. அதன் கீழே ஒரு சிறு தாளில், எந்த ஆண்டு, எந்த நாள் எடுத்தது, அதற்கு முன் எத்தனை வாரம் உணவு குறைத்தது, அடுத்த மாதம் எத்தனை கிலோ ஏறிற்று என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும். படிப்பவர் படிக்கட்டும்.